சிவசமுத்திரம் முதல் மீக்கடத்தி வரை: தங்கவயல் மின்சாரமும் அதற்குக் காவல் தேடிய கதையும்

தங்கவயல் என்றதும் நம் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தங்கம். அடுத்து, சயனைடு மண்மேடு, சாஃப்ட்டின் மேலே சுழலும் சக்கரம், ஷிப்டு மாறும்போது ஊதும் சங்கு. இவற்றை எல்லாம் இயக்கிய மின்சாரத்தைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், "உலகத்திலேயே நீளமான லைன் நம்ம ஊருக்குத்தான் வந்தது" என்ற ஒரு வரியோடு நிறுத்திக் கொள்கிறோம். அந்த மின்சாரம் எப்படி வந்தது, வந்த மின்சாரம் கட்டுமீறிப் பாயாமல் எப்படிக் காத்தார்கள், இன்றைய விஞ்ஞானம் அந்தக் காவலுக்கு என்ன புது வழி கண்டிருக்கிறது என்பதை இக்கட்டுரையில் என்னால் இயன்றவரை சொல்ல முயல்கிறேன்.

நான் என்ஜினியர் அல்லன். என் தகப்பனார் வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து, ராபர்ட்சன்பேட்டையில் ஒயர், சுவிட்சு, பல்பு விற்கும் சிறிய கடை வைத்தார். "நயினார் கடை" என்பார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து படித்ததுதான் என் படிப்பு. ஒரு கடைக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. அதைக் கட்டுரையின் நடுவே சொல்கிறேன்.

மின்சாரம் வந்த வரலாறு

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே சுரங்க நிர்வாகத்தில் இறங்கிய பின், வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். அப்போது எந்திரங்கள் எல்லாம் நீராவியால் ஓடின. நீராவிக்கு விறகும் நிலக்கரியும் வேண்டும். சுற்றுவட்டாரக் காடுகள் அழிந்தன. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து ரயிலில் வரவேண்டும். ஆழம் கூடக் கூடச் செலவும் கூடிற்று.

இந்த நிலையில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்குக் கொண்டுவரலாம் என்ற திட்டத்தைக் கையில் எடுத்தவர் மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழர். 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர். திட்டத்தை வகுத்து நடத்தியவர் மைசூர் அரசின் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். இவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் நேரில் போய்ப் பெரிய மின்நிலையங்களைப் பார்த்து வந்தார். அதன் பின் மின்னாக்கி எந்திரங்களுக்கு அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனமும், நீர்ச்சுழலிகளுக்குச் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து எஷர் வைஸ் நிறுவனமும் அமர்த்தப்பட்டன. சூரிக் என்ற ஊர்ப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், மறுபடியும் வரும்.

1902 ஜூன் இறுதியில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. 720 கிலோவாட் கொண்ட ஆறு எந்திரங்கள். ஆக மொத்தம் 4,320 கிலோவாட். சுமார் 92 மைல், அதாவது ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தூரம், 35,000 வோல்ட் அழுத்தத்தில் கம்பி வழியே வந்தது. பெங்களூர் நகரத்துக்கே 1905-இல்தான் மின்விளக்கு வந்தது. மூன்று வருஷம் நமக்குப் பிந்தி! சேஷாத்ரி ஐயர் இதைக் காணக் கொடுத்து வைக்கவில்லை. 1901 செப்டம்பரில் காலமானார். சிவசமுத்திரம் மின்நிலையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். நம் கம்பிவழியை "உலகிலேயே நீளமானது" என்றும், சிவசமுத்திரத்தை "ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம்" என்றும் பல மலர்களில் எழுதுகிறோம். இரண்டும் சரியல்ல. கலிபோர்னியாவில் கோல்கேட் என்ற இடத்திலிருந்து ஓக்லாந்துக்கு 142 மைல் கம்பி 1901-லேயே வந்துவிட்டது. ஜப்பானின் கியோட்டோவில் 1891-லும், நம் நாட்டிலேயே டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் 1897-லும் நீர்மின் நிலையங்கள் இயங்கின. ஆனால் உலகின் மிக நீண்ட கம்பிவழிகளில் ஒன்று என்பதும், இந்தியாவில் முதல் பெரிய நீர்மின் திட்டம் என்பதும் உண்மை. இல்லாத பெருமையைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இருப்பதே போதும்.

கோடையில் காவிரி வற்றினால் சுரங்கத்துக்கு மின்சாரம் குறையும். 1911-இல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் அணைக்கு நீர்ப்பாசனம் ஒரு காரணம் என்றால், தங்கவயலுக்கு ஆண்டு முழுவதும் குறையாமல் மின்சாரம் தரவேண்டும் என்பது இன்னொரு காரணம். காவிரிப் பிரச்சினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தச் சுரங்கத் தொடர்பை மறந்துவிடுகிறார்கள்.

மின்சாரம் நின்றால் என்ன ஆகும்?

வீட்டில் மின்சாரம் நின்றால் விசிறி நிற்கும். சுரங்கத்தில் நின்றால்? சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழம் போயிற்று. அடியில் பாறையின் சூடு 65 டிகிரிக்கு மேல். மேலிருந்து குளிர்காற்று அனுப்ப வேண்டும். ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் ஓட வேண்டும். இவை எல்லாம் ஒரு கம்பியை நம்பி இருந்தன. கரண்டு போன இரவுகளில் சாஃப்ட் பக்கம் போய் நின்ற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் பேச மாட்டார்கள். சக்கரம் சுழல்கிறதா என்று மேலே பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

ஆகவே மின்சாரம் வருவது பாதி வேலை. பழுது நேர்ந்தால் அது ஊரையே இருட்டாக்காமல், எந்திரங்களை எரிக்காமல் பார்த்துக்கொள்வது மறுபாதி.

பழுது மின்னோட்டம் என்பது என்ன?

மின்சாரம் போகும் வழியில் விளக்கோ மோட்டாரோ ஒரு தடையாக நிற்கிறது. அதனால்தான் அளவோடு பாய்கிறது. இரண்டு கம்பிகள் நேராகத் தொட்டுக்கொண்டால் அந்தத் தடை இல்லை. இதைத்தான் "ஷார்ட் ஆயிடுச்சு" என்கிறோம். கணக்கு எளிது. வீட்டில் 230 வோல்ட். கம்பியின் மொத்தத் தடை அரை ஓம் என்று வைத்துக்கொண்டால், ஷார்ட் ஆகும்போது 460 ஆம்பியர் பாயும். சாதாரணமாக அந்த வீட்டில் பாய்வது இரண்டு மூன்று ஆம்பியர்தான்! மின்னோட்டம் பத்து மடங்கானால் அது உண்டாக்கும் சூடும், கம்பிகளை முறுக்கும் விசையும் நூறு மடங்காகும். இப்படிக் கட்டுமீறிப் பாய்வதுதான் பழுது மின்னோட்டம்.

இதற்குக் கண்ட பழைய காவல், பியூஸ். நம் வழக்கில் பீஸ் கட்டை. தங்கவயலில் பியூஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. சுரங்கத்தில் வெடிக்குத் தீயைக் கொண்டுபோகும் திரிக்கும் அதே பெயர். ஒரு பியூஸ் நெருப்பைக் கொண்டு சேர்க்கும். இன்னொரு பியூஸ் தான் உருகி நெருப்பைத் தடுக்கும்.

இப்போது என் காரணத்தைச் சொல்கிறேன். 1980-களின் தொடக்கம். எனக்கு இருபது வயதிருக்கும். லைன் வீட்டிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்தார். "தம்பி, பீஸ் ரெண்டு நாளைக்கு ஒருவாட்டி போவுது. நல்லா தடிப்பா ஒரு கம்பி குடுப்பா" என்றார். பியூஸ் ஏன் போகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வியாபாரம் நடந்தால் சரி என்று தடித்த செம்புக்கம்பியை நறுக்கிக் கொடுத்தேன். பத்து நாள் பீஸ் போகவில்லை. பதினோராம் நாள் இரவு சுவரில் ஓடிய ஒயர் முழுதும் பற்றிக்கொண்டது. ஆட்கள் தப்பினார்கள். அவருடைய தையல் மிஷினும், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்களும் சாம்பலாயின. அந்த அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

அடிக்கடி எங்கள் கடைக்கு வரும் ஒரு வயர்மேன் அண்ணன் அப்போது சொன்னார்: "வீக்கா ஒரு எடம் இருக்கணும் தம்பி. அதுதான் காவல். அதைப் போய் நீ ஸ்ட்ராங் பண்ணிட்டா, வேற எங்கயாவது உடையும்." நாற்பது வருஷமாக நான் படித்ததெல்லாம் இந்த ஒரு வாக்கியத்துக்கு உரை தேடித்தான் என்று சொன்னால் மிகையல்ல.

தூரமே காவலாக இருந்த காலம்

1902-இல் சிவசமுத்திரம் தந்த 4,320 கிலோவாட்டை 35,000 வோல்ட்டில் அனுப்பினால், முழுச்சுமையில் கம்பியில் பாய்வது சுமார் 70 ஆம்பியர். தங்கவயல் முனையில் ஷார்ட் ஆனாலும் சில நூறு ஆம்பியருக்கு மேல் வராது. ஏனென்றால் மின்நிலையம் சிறியது. 92 மைல் கம்பியே ஒரு தடை. தூரம் நமக்குக் கஷ்டம் கொடுத்தது. அதே தூரம் நம்மைக் காக்கவும் செய்தது.

பின்னர் நிலைமை மாறிற்று. சிவசமுத்திரமே பலமுறை விரிவாக்கப்பட்டது. 1940-இல் சிம்சா, 1948-இல் ஜோக், 1960-களில் சராவதி என்று மைசூரில் மின்நிலையங்கள் சேர்ந்தன. தமிழ்நாட்டில் 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர். எல்லாம் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் கம்பிவழியால் தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதிகளோடு ஒன்றாயிற்று. இதனால் ஓரிடத்தில் குறைந்தால் இன்னோரிடம் தாங்கும். நல்லதுதான். ஆனால் ஓரிடத்தில் ஷார்ட் ஆனால் எல்லா நிலையங்களும் சேர்ந்து அந்த இடத்தை நோக்கிப் பாயும்! ஊர்க் குளங்களை எல்லாம் வாய்க்கால் வெட்டி இணைத்துவிட்டால், ஒரு கரை உடைந்தாலும் எல்லாக் குளத்து நீரும் அந்த உடைப்பில் வருமல்லவா? அதுபோல. நம் நாட்டின் 400 கிலோவோல்ட் துணைநிலையங்கள் முன்பு 40,000 ஆம்பியர் பழுது மின்னோட்டத்தைத் தாங்கும்படி அமைக்கப்பட்டன. பிறகு 50,000 என்றும், 63,000 என்றும் உயர்த்த வேண்டி வந்தது. அன்றைய சில நூறு எங்கே, இன்றைய அறுபதாயிரம் எங்கே!

பிரேக்கர் இருக்கிறதே, போதாதா என்று கேட்கலாம். பிரேக்கர் மின்னோட்டத்தை அறுக்கும், குறைக்காது. பழுது நேர்ந்ததை ரிலே உணர்ந்து, பிரேக்கர் திறந்து, தீப்பொறி அணைய இருபதில் ஒரு பங்கு விநாடியோ அதற்கு மேலோ ஆகும். பழுது மின்னோட்டத்தின் முதல் உச்சம் நூறில் ஒரு பங்கு விநாடிக்குள்ளேயே வந்துவிடும். முதல் அடி விழுந்த பிறகுதான் காவலாளி எழுந்து வருகிறான்.

வேறு வழிகளும் உண்டு. ரியாக்டர் என்னும் கம்பிச்சுருளை வழியில் வைத்தால் அது எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். நல்ல நாளிலும் வோல்ட்டைக் குறைக்கும். வெடிமருந்து வைத்துக் கடத்தியைப் பிளக்கும் சாதனம் ஒன்று 1955-இல் ஜெர்மனியில் வந்தது. மிக வேகமானது. ஆனால் ஒவ்வொரு முறையும் புதிய வெடிப்பொருள் மாற்ற வேண்டும். நல்ல நாளில் இருப்பதே தெரியக்கூடாது. ஆபத்து வந்த கணமே தடுக்க வேண்டும். ஆபத்து நீங்கியதும் தானே பழையபடி ஆகவேண்டும். இப்படி ஒரு பொருள் உண்டா?

குறையே குணமான வரலாறு

உண்டு. அதன் பெயர் மீக்கடத்தி. ஆங்கிலத்தில் சூப்பர் கண்டக்டர் என்பர்.

1911 ஏப்ரல் 8 அன்று, ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தைத் திரவ ஹீலியத்தில் குளிர்வித்தார். மைனஸ் 269 டிகிரி அளவில் அதன் மின்தடை அடியோடு மறைந்தது. கிருஷ்ணராஜ சாகர் வேலை தொடங்கிய அதே ஆண்டு. 1913-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தடையே இல்லாத கம்பியால் மாபெரும் காந்தங்கள் செய்யலாம் என்று அவர் கனவு கண்டார். ஆனால் ஏமாற்றம் காத்திருந்தது. ஓர் எல்லைக்கு மேல் மின்சாரம் பாய்ச்சினால் மீக்கடத்தி தன் தன்மையை இழந்து சாதாரணக் கம்பியாகிவிட்டது. காந்தப்புலம் கூடினாலும் அப்படியே.

அன்று குறையாகத் தோன்றிய இதுதான் நமக்கு வேண்டிய குணம். மின்சாரம் அளவோடு பாயும்வரை மீக்கடத்திக்குத் தடையில்லை. வழியில் ஒரு பொருள் இருப்பதே தெரியாது. பழுது மின்னோட்டம் எல்லையைத் தாண்டியதும், சில மில்லி விநாடியில், முதல் உச்சம் வருமுன்பே அதில் தடை பிறக்கிறது. யாரும் கட்டளையிட வேண்டியதில்லை. ரிலே வேண்டாம். பொருளின் இயல்பே காவல். பிறகு பிரேக்கர் நிதானமாக வந்து அறுக்கும். மீக்கடத்தி மீண்டும் குளிர்ந்து, சில விநாடி முதல் சில நிமிடத்தில் பழைய நிலைக்கு வரும். வயர்மேன் அண்ணன் சொன்ன "வீக்கான எடம்" இதுதான். உருகாத பியூஸ் என்றும் சொல்லலாம்.

எழுபத்தைந்து ஆண்டுகள் இது ஏட்டுச்சுரைக்காயாகவே இருந்தது. திரவ ஹீலியம் அவ்வளவு விலை. 1986-இல் சூரிக் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்னார்ஸ், முல்லர் இருவரும் பீங்கான் போன்ற ஒரு கூட்டுப்பொருள் அதிக வெப்பநிலையிலேயே மீக்கடத்தியாவதைக் கண்டனர். ஆம், நம் நீர்ச்சுழலிகள் வந்த அதே சூரிக்! அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பால் சூ, வூ ஆகியோர் மைனஸ் 180 டிகிரியிலேயே மீக்கடத்தியாகும் பொருளைக் கண்டனர். இதற்குத் திரவ நைட்ரஜன் போதும். அதன் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி. இது என்னவோ அபூர்வப் பொருள் என்று எண்ண வேண்டாம். கோலார் மாவட்டத்தில் மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் புகை வரும் ஒரு கேன் கொண்டு வருவாரே, அதில் இருப்பது இதே திரவ நைட்ரஜன்தான்.

உலகில் நடந்தவை

1996-இல் சுவிட்சர்லாந்தின் லோன்ச் நீர்மின் நிலையத்தில் ஏ.பி.பி. நிறுவனம் ஒரு மீக்கடத்தித் தடுப்பானை நிறுவி ஓராண்டு இயக்கிப் பார்த்தது. 2004-இல் ஜெர்மனியின் நெட்ஃபென் நகரில் 10 கிலோவோல்ட் தடுப்பான் வந்தது. 2019-இல் மாஸ்கோ நகரத் துணைநிலையம் ஒன்றில் 220 கிலோவோல்ட் அளவில் அமைத்தார்கள். நம் நாட்டில் ஐதராபாத்தின் பெல் ஆராய்ச்சிப் பிரிவு இத்துறையில் முயன்றிருக்கிறது.

இவற்றுள் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது ஜெர்மனியின் எஸ்ஸன் நகரம். 2014-இல் நகர நடுவே இரண்டு துணைநிலையங்களை இணைத்து ஒரு கிலோமீட்டர் மீக்கடத்திக் கேபிள் போட்டு, அதனோடு மீக்கடத்தித் தடுப்பானையும் வைத்தார்கள். 40 மெகாவாட் கொண்டு செல்லக்கூடியதாக இருந்தது. எஸ்ஸன் எப்படிப்பட்ட ஊர்? அதுவும் சுரங்க ஊர். நிலக்கரிச் சுரங்கம். அங்கிருந்த புகழ்பெற்ற சோல்ஃபெரைன் சுரங்கம் 1986-இல் மூடப்பட்டது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதே 2001-இல், பிப்ரவரி 28-ஆம் தேதி, நம் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன. நம் பிள்ளைகள் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அவர்கள் ஊரில் சுரங்கம் மூடியபின் புது மின்சாரம் வந்தது. நம் ஊரில் மண்மேடு மிஞ்சியது. இதைப் பொறாமையால் சொல்லவில்லை. சுரங்கம் மூடினால் ஊரும் மூடவேண்டும் என்று விதி எதுவும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. மீக்கடத்தி நாடா விலை அதிகம். குளிரூட்டும் எந்திரம் இரவும் பகலும் ஓட வேண்டும்; அது நின்றால் காவலே இல்லை. மாறுமின்னோட்டத்தில் மீக்கடத்தியிலும் சிறிது இழப்பு உண்டு. ஆகவே பிரேக்கரை மாற்றுவது மலிவா, தடுப்பான் வைப்பது மலிவா என்று இடத்துக்கு இடம் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். வியாபாரியாகிய எனக்கு அந்தக் கணக்கு நன்றாகப் புரிகிறது.

நிறைவாக

நம் சங்கத்துக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இன்று வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள். மின்சாதனங்களை ஷார்ட் சர்க்யூட் சோதனைக்கு உட்படுத்தும் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் பெங்களூரிலேயே இருக்கிறது. 1960-இல் தொடங்கியது. பிள்ளைகள் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். தாத்தா எந்தக் கம்பியை நம்பிப் பூமிக்குள் இறங்கினாரோ, அந்தக் கம்பியின் அடுத்த நூற்றாண்டைப் பேரன் எழுதட்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திவானின் பெயரும் துரைமார் பெயரும் ஏட்டில் இருக்கின்றன. கம்பத்தில் ஏறியவர், பவர் ஹவுஸில் இரவு முழுக்க விழித்திருந்தவர், எண்ணெய் சுவிட்சு வெடித்துக் கை வெந்தவர் ஆகியோரின் பெயர்கள் நம் வீட்டுப் பேச்சில்தான் இருக்கின்றன. அவற்றை எழுதி வையுங்கள். அடுத்த மலரில் வெளியிடலாம்.

கடைசியாக, ஒரு கடைக்காரனின் சொல். உங்கள் வீட்டில் பியூஸ் அடிக்கடி போனால், தடித்த கம்பி போடாதீர்கள். எங்கே பழுது என்று பாருங்கள். இப்போதெல்லாம் என் கடையில் யார் வந்து தடிப்பாகக் கம்பி கேட்டாலும், "ஏன் போவுது, அதைச் சொல்லுங்க முதல்ல" என்று கேட்டுவிட்டுத்தான் கம்பியை நறுக்குகிறேன்.